ஏழாவது கார்டு

"எங்க கொலுசை எடுங்க, பாய்!"

பிச்சமுத்து போட்ட சத்தத்தில் அந்தத் திருச்சி ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியும் இறங்காததுமாக வந்த கோபம்.

குமாஸ்தா அப்துல் ரஹீம் மட்டும் நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த ஊரு?"

"உப்பிலியபுரம். மறந்துட்டீங்களா? ரெண்டு வருஷத்துக்கு முந்தி, எம் பொண்ணு செல்லக்கிளி கைக்குழந்தையா இருக்கறப்ப, உதட்டுப் பிளவை இங்கதான் தைச்சாங்க. வீட்டுக்குப் போறப்ப, ஆபரேஷனுக்குக் கழட்டின கொலுசுல ஒத்தையைக் கொடுத்துட்டு, இன்னொண்ணு அப்புறம்னு நீங்க வச்சுக்கலே?"

"ஆமா."

"ஆமாவா? இப்ப இது வேற!"

ஒரு தபால் கார்டை மேஜையில் எறிந்தான். 'பதினைந்தாம் தேதிக்குள் குழந்தையோடு நேரில் வராவிட்டால் கொலுசு ஏலம் விடப்படும்.'

"பச்சைப்பிள்ளை கொலுசிலயுமா கண்ணு?" என்றது வரிசையில் ஒரு குரல்.

ரஹீம், பிச்சமுத்துவின் பின்னால் நின்ற அவன் மனைவி ராசாத்தியின் பக்கம் திரும்பினார். அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார். உதட்டில் மெல்லிய கோடு ஒன்றுதான் மிச்சம்.

"கண்ணு, இது யாரு?" ராசாத்தியைக் காட்டினார்.

"அம்மா."

"இது?" பிச்சமுத்துவைக் காட்டினார்.

"அம்மா."

வரிசை சிரித்தது. பிச்சமுத்துவின் முகம் சுண்டிப்போயிற்று. ஊரிலும் அவனை 'செல்லக்கிளி அம்மா' என்று கேலி செய்யாத ஆள் கிடையாது. ஒரே ஒரு தடவை அவள் வாயால் 'அப்பா' என்று கேட்டால் போதுமென்று சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டுமிருந்தான்.

"எல்லா ஒட்டுதலும் அவ ஆத்தாகிட்டதான்" என்று முணுமுணுத்தான்.

"தப்பு. அவ உங்களைத்தான் கூப்பிடுறா" என்றார் ரஹீம். "'ப்' சொல்லணும்னா வாய்க்குள்ள காத்தை அடக்கணும். இவளுக்கு மேலண்ணம் இன்னும் பிளந்துதானே இருக்கு? காத்து மூக்கு வழியாப் போயிடுது. அவ சொல்றது 'அப்பா'. நம்ம காதுல விழறது 'அம்மா'."

பிச்சமுத்து மகளையே பார்த்தான்.

"மெட்ராஸ் டாக்டர் வந்திருக்கார். நாளைக்கு அண்ணத்தைத் தைச்சிடலாம். பேரு எழுதியாச்சு. அப்புறம் மாசாமாசம் கூட்டிட்டு வரணும். ஸ்ரீரங்கத்திலேருந்து ஒரு டீச்சரம்மா வந்து பேசப் பழக்குவாங்க."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா, பாய்?"

"ஆறு கார்டு போட்டேனே! 'ரெண்டாவது ஆபரேஷன் இருக்கு, வாங்க'ன்னு."

வீட்டு விட்டத்தில் தொங்கும் கம்பி பிச்சமுத்துவின் கண்முன் வந்தது. ஆறு கார்டும் அதில்தான் இருந்தன. முகம்தான் சரியாகிவிட்டதே என்று ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தவன் அவனேதான். ஏழாவது கார்டு வந்த மறுநாளே முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டான்.

ரஹீம் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பெயர்ச்சீட்டு கட்டிய குட்டிக் குட்டிக் கொலுசுகள். எல்லாமே ஒத்தை. அதில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஏலமெல்லாம் சும்மா. எடுத்துக்குங்க."

பிச்சமுத்து அதை மகளின் காலில் வைத்துப் பார்த்தான். கணுக்காலில் பாதிகூடச் சுற்றவில்லை.

கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, கொலுசை ரஹீம் பக்கமே நகர்த்தினான்.

"மாசாமாசம் வரணும்னு சொன்னீங்களே... இது இங்கயே இருக்கட்டும், பாய். என்னை நம்பிக் கொடுத்துடாதீங்க."