நாற்பத்தாறு கிராம்

ரகுபதியின் கையிலிருந்த நோட்டீஸ் படபடவென்று ஆடியது. மனிதருக்கு இவ்வளவு கோபமா என்று ஷீலாவுக்குப் பயமாகிவிட்டது.

"விதி எண் ஏழு. இந்த பில்டிங்ல நாய், பூனை, பறவை எதுவும் வளக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்குள்ள இது வெளியில போயிருக்கணும்."

மேற்கு மாம்பலத்தில் பன்னிரண்டே வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்புக்கு அவர்தான் செக்ரட்டரி. ஏழாம் விதியை எழுதியவரும் அவரேதான்.

'இது' என்று அவர் சொன்னது, ஷீலாவின் உள்ளங்கையில் துண்டுக்குள் கண்மூடிக் கிடந்தது. இரண்டரை வாரக் காக்டெயில் கிளிக் குஞ்சு. மஞ்சள் பஞ்சும் முள்ளு முள்ளான இறகுமாகப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"நான் வாங்கல சார். நேத்து கதவைத் திறந்தா வாசல்ல ஒரு ஷூ டப்பா, அதுக்குள்ள இது. டாக்டர்கிட்ட காமிச்சேன். இந்த வயசுக்கு எழுபது கிராமாவது இருக்கணுமாம். இப்ப அனுப்பினா செத்துடும் சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எடை எவ்வளவு?"

"நாப்பத்தாறு கிராம்."

"அதை நோட்டீஸ்ல எழுதிக் கையெழுத்துப் போடு. ரெக்கார்டு வேணும்."

ஷீலா எழுதிக் கொடுத்தாள். ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போங்க என்றாள். டம்ளரைக் கையால் தொடக்கூட மாட்டேன் என்பது போல, அவர் விறுவிறுவென மூன்றாவது மாடிக்கு ஏறிப் போய்விட்டார்.

"இது சத்தமே போடல. முதல் மாடியில பக்கத்து ரூம்ல கீற எனக்கே கேக்கல. மேல அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? இன்னா காதுடா சாமி!" என்றான் அவள் கணவன் அசோகன், தி.நகர் செல்போன் கடைக்குக் கிளம்பிக்கொண்டே.

ஷீலாவுக்குச் சிரிக்க நேரமில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தீனி மாவை வெந்நீரில் கரைத்து, சூடு பார்த்து, சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். கொஞ்சம் வேகமாகத் தள்ளினாலும் மூச்சுக்குழாயில் போய்விடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். நல்லவேளை, கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்கிற கை அவளுடையது. இம்மி அசையாது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சிரிஞ்சைக் கையில் எடுத்தாள். காலிங் பெல் அடித்தது. புது நோட்டீஸோடு ரகுபதி.

"விதி எண் ஏழு. இன்னிக்கு எவ்வளவு?"

"நாப்பத்தொம்பது சார்."

"எழுது."

வியாழக்கிழமை ஐம்பத்து மூன்று. வெள்ளிக்கிழமை ஐம்பத்தேழு. தினமும் அதே ஒன்பது மணி, அதே பெல், அதே படபடப்பு.

"ஒரு தபா குடுத்தா பத்தாதா? பேப்பர்காரர் மாதிரி டெய்லி எடுத்துக்கினு வராரே!" என்றான் அசோகன்.

சனிக்கிழமை குஞ்சு அலகையே திறக்கவில்லை. எடை மூன்று கிராம் இறங்கியிருந்தது. ஷீலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்த நேரத்தில் பெல் அடித்தது.

"அம்பத்து நாலு. இன்னிக்கு ஒரு சொட்டுகூட எறங்கல. இப்பச் சந்தோஷமா சார் உங்களுக்கு?"

ரகுபதி விதி எண்ணை மறந்துவிட்டார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

"மாவு ஆறிப் போயிருக்கும். புதுசா கரைச்சுப் பாரு" என்றவர், அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "பில்டிங்ல சாவு கீவு விழுந்தா அசோசியேஷனுக்குத்தான் கெட்ட பேரு."

ஷீலா புதிதாகக் கரைத்து, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தாள். குஞ்சு அதை நக்கிப் பார்த்தது. அப்புறம் தலையை ஆட்டி ஆட்டி, சிரிஞ்சையே விழுங்கிவிடுகிற மாதிரி வாங்கிக்கொண்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் ஆளைக் காணோம். அன்றைக்கு அவர் எழுதி வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எடை அறுபது. இன்னும் பத்து கிராம்தான் பாக்கி. காலில் விழுந்தாவது இரண்டு வாரம் தவணை கேட்டுவிடுவது என்று, குஞ்சை அதே ஷூ டப்பாவில் வைத்துக்கொண்டு ஷீலா முதல்முறையாக மூன்றாவது மாடிக்கு ஏறினாள்.

ரகுபதி வீட்டுக் கதவு திறந்திருந்தது. டப்பாவுக்குள்ளிருந்து குஞ்சு கரகரவென்று கத்தியது. அது இத்தனை பெரிய குரலில் கத்தி அவள் கேட்டதே இல்லை. உள்ளேயிருந்து பதிலுக்கு இரண்டு விசில் வந்தது.

ஜன்னலோரம் பெரிய கூண்டு. அதில் கொண்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு காக்டெயில் ஜோடி, அவற்றை ஒட்டிக்கொண்டு கொழுகொழுவென்று மூன்று குஞ்சுகள். கூண்டுக்கு மேலே சுவரில் நான்கு நோட்டீஸ்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லாவற்றிலும் ஷீலாவின் கையெழுத்து. 46, 49, 53, 57.

தினைக் கிண்ணத்தோடு நின்றிருந்த ரகுபதி திரும்பினார். கிண்ணம் கிடுகிடுவென்று ஆடி, பாதித் தினை தரையில் சிதறியது. அவர் முகத்தில் கோபம் துளிகூட இல்லை.

"விதி எண் ஏழு, சார்..." என்றாள் ஷீலா.

"கடைசியா பொறந்ததுக்கு மட்டும் அதுங்க ஊட்டவே இல்ல. நானே சிரிஞ்சை எடுத்துப் பார்த்தேன்." கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார்.

"ஆட்டம் நிக்காத கைம்மா இது. அதான் உன் வாசல்ல வெச்சேன்."