தொட்டிக்குக் காற்று

"கிருமியையே காப்பாத்தத் தெரியாதவன், என்ட மகளை எப்பிடிக் காப்பாத்துவான்?"

கல்முனை பஸார் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் முகைதீன்பாவா ஹாஜியார் காலிதீனின் வீட்டுக்குப் படியேறினார்.

காலிதீனுக்கு அறபு நாட்டில் எண்ணெய்க் கம்பனி வேலை. எண்ணெயோடு கிணற்றிலிருந்து மேலே வரும் அழுக்குத் தண்ணீரைத் தொட்டியில் விட்டுக் கிருமி வளர்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சனம் எண்ணெயைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும். அதுகள் மூச்சுவிட மோட்டர் வைத்து ஓயாமல் காற்றடிக்க வேண்டும்.

அந்தக் காற்று அரைநாள் நின்றுபோனது. கோடானுகோடி மௌத்து, புதைக்க ஒரு கபுறுகூட இல்லை. கம்பனி காலிதீனை அடுத்த பிளேனில் ஏற்றிவிட்டது.

"தம்பி, உனக்கும் அப்னாக்கும் பேசின கலியாணத்தை விட்டிருவம்."

"ஏன் மாமா?"

"ட்யூட்டியில நித்திரை கொண்டவனுக்கு ஆரு பொண்ணு குடுப்பான்? என்ட மகன் ஷிப்லியும் அங்கதானே நிக்கான், எல்லாம் சொன்னான். இப்ப உன்ட வேலையை அவனுக்குத்தான் குடுத்திருக்காங்க. ஒரு கிருமி சாகல்ல."

"எண்ணிப் பாத்தானாமா?"

"நக்கலை விடு."

"அப்னா என்ன சொன்னா?"

"அழுறா. நாலு நாளையில சரியாப் போகும். அவக்குச் சீதனமாக் கட்டின வீட்டுக்கு வேற மாப்பிள்ளை பாத்தாச்சி."



"சரி ஹாஜியார்." 'மாமா' என்ற சொல் அந்த இடத்திலேயே உதிர்ந்துபோனது. "ஒண்டு மட்டும். இடுப்புப் பெல்ட்டைக் கட்டாமத் தொட்டி விளிம்புல ஏற வேணாமெண்டு ஷிப்லிட்டச் சொல்லுங்க."

ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்தது. "கல்முனைக் கடல்ல நீந்தின பொடியன். தொட்டித் தண்ணிக்குப் பயப்பிடுவானா?"

"அவனும் அப்பிடித்தான் சொன்னான். கடல் ஆளைத் தூக்கும். இது காத்தடிக்கிற தண்ணி, முழுக்கக் குமிழி; எவ்வளவு நீந்தினாலும் கல்லுமாதிரி அடிக்குப் போவான். மோட்டரை நிப்பாட்டினாத்தான் இழுத்தெடுக்கலாம்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"அண்டைக்கு நிப்பாட்டித்தான் அவனை எடுத்தன். திரும்பப் போட்டா மோட்டர் ஸ்டார்ட் ஆகல்ல. பெல்ட் கட்டாதது தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்கெண்டு என்ட காலைப் பிடிச்சான். நான் நித்திரை கொண்டனெண்டு கம்பனிக்குச் சொன்னன்."

ஹாஜியார் எழும்பினார். திறந்துகிடந்த வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தம்பி, இதை வேற ஆருக்கும் சொன்னியா?"