ஸ்போர்ட் மோடு

"ஸ்போர்ட் மோடுல போடும்மா" என்றாள் ஹம்சவேணி.

பவதாரிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கார் ஷோரூமில் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ பேரை டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டி வந்திருக்கிறாள். அறுபதை நெருங்கும் ஒரு அம்மா, காட்டன் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இப்படிக் கேட்டதில்லை.

பட்டனை அழுத்தினாள். "இப்ப மிதிங்க மேடம், பறக்கும்."

திருமங்கலம் ரோட்டில் அந்தச் சிவப்பு வண்டி சீறியது. முள் நூறைத் தொட்டது. ஹம்சவேணியின் முகத்தில் பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. கொஞ்ச தூரம் போய், தானே வேகத்தைக் குறைத்தாள்.

"கியர் மாறுறதே தெரியலைல்ல மேடம்? உள்ள ரெண்டு கிளட்ச் இருக்கு. ஒரு கியர்ல ஓடிக்கிட்டிருக்கும்போதே அடுத்தது ரெடியா நிக்கும். நம்ம இடது காலுக்கு வேலையே இல்ல."

"ம்."

"உங்களுக்கா பார்க்குறீங்க?"

"எம்மகனுக்காகத்தான் வந்தேன். வெங்கடேஷ்பாபு. அவன்கிட்டயும் இதே வண்டி, இதே சிவப்புல ஒண்ணு இருக்கு."

"அப்ப எக்ஸ்சேஞ்சா மேடம்? கொண்டாந்தீங்கன்னா பார்த்து விலை போட்டுருவோம்."

"இப்ப அது வீட்ல இல்லம்மா."

சர்வீஸுக்கு விட்டிருப்பார்கள் என்று பவதாரிணி நினைத்துக்கொண்டாள். இந்த மாதம் அவளுக்கு இன்னும் ஒரு புக்கிங்கூட விழவில்லை. கிடைத்த ஆளைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

கப்பலூர் வந்ததும் ஹம்சவேணி அவளைக் கேட்காமலேயே தொழிற்பேட்டைக்குள் வண்டியைத் திருப்பினாள். ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி கேட்டெல்லாம் பூட்டியிருந்தது. ஆள் நடமாட்டமில்லாத ஒரு தெருவில், நீளமான காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நிறுத்தினாள்.

"நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு. நான் இறங்கிப் பார்க்கணும்."

இறங்கி, வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"கியரை டி-ல போட்டு பிரேக்ல காலை வச்சுக்க. நான் சொல்லும்போது காலை மட்டும் எடு. வேற எதையும் தொடாத."

"ஐயோ, முன்னாடி நிக்காதீங்க மேடம்! என் வேலை போயிரும்."

"சரி, ஓரமா நின்னுக்கிறேன்." முன்சக்கரத்தின் பக்கவாட்டில் தள்ளி நின்றுகொண்டாள். "ம், எடு."

பவதாரிணி காலை எடுத்தாள். வண்டி ஊர்ந்தது. ஹம்சவேணி கூடவே நடந்தாள். மூட்டுவலிக்காரி, ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் தெரு பாதி முடிவதற்குள் வண்டியை முந்திவிட்டாள்.

"பார்த்தீங்களா? டவுன்ஹால் ரோட்டு நெரிசல்ல இப்படியே உருட்டிக்கிட்டுப் போகலாம். ஆக்சிலரேட்டர் பக்கமே போக வேணாம்."

"ஸ்போர்ட் மோடுலயும் இப்படித்தானா?"

"அதுலயும் இதேதான் மேடம். மிதிச்சாத்தான் வேகம்."

"போட்டுக் காட்டு."

மறுபடியும் வண்டி ஊர்ந்தது. மறுபடியும் அவள் முந்தினாள். பிறகு காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள். கூப்பிட்டும் திரும்பவில்லை.

பவதாரிணி வண்டியை நிறுத்திவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு இறங்கி ஓடினாள். "வெயிலுக்குத் தலை சுத்துதா மேடம்?"

"இல்லம்மா." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "முன்னால ஒரு ஆள் நின்னா, விலகுறதுக்கு நேரம் இருக்குல்ல?"

"தாராளமா இருக்கு மேடம். சின்னப் பிள்ளைகூட விலகிரும். அந்தப் பயமே உங்களுக்கு வேணாம்."

ஹம்சவேணி தலையை ஆட்டினாள். பாட்டிலை வாங்கினாள், குடிக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பும்போது பவதாரிணிதான் ஓட்டினாள். லோன், இன்சூரன்ஸ், இலவச சீட் கவர் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ஹம்சவேணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

ஷோரூமில் உட்கார வைத்து, காபி எடுத்துக்கொண்டு வந்தபோது அந்த அம்மாவின் மடியில் போன் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் 'பாபு' என்று இருந்தது. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடியும் அடித்தது. அதுவும் ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பையன்தானே மேடம்? சர்ப்ரைஸா குடுக்கப் போறீங்களா?" பவதாரிணி சிரித்தாள். "சிவப்பே புக் பண்ணிரலாமா?"

"ஒரு போன் பேசிக்கிறேம்மா."

எண்ணைத் தேடி எடுத்துக் காதில் வைத்தாள்.

"இன்ஸ்பெக்டர் சாருங்களா? இறந்துபோன ராதாமணியோட மாமியார் பேசுறேன்."

பவதாரிணியின் கையில் காபி அப்படியே நின்றது.

"பிரேக்ல இருந்து காலைத்தான் எடுத்தேன், வண்டி தானாப் பாஞ்சு அவளைச் செவுத்தோட வச்சு மோதிருச்சுன்னு எம்மகன் சொன்னான்ல... நானும் அதை நம்பி, விபத்துதான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அதை மாத்தி எழுதணும் சார்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். ஹம்சவேணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவன் மிதிச்சிருக்கான் சார்."