முதல் பக்கம் மட்டும் படித்த கம்ப்யூட்டர்

ஜெராக்ஸ் கடைக்கு வந்த புதுக் கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவைச் செருகினார்கள். அதற்குள் ஒரு கல்யாணத்தின் மூவாயிரம் போட்டோக்கள் இருந்தன.

எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பென்டிரைவின் முதல் பக்கத்தில் இருந்தது. கம்ப்யூட்டர் அதை மட்டும் எட்டிப் பார்த்தது. அட்டவணை அதற்குப் பழகாத முறையில் எழுதப்பட்டிருந்தது.

"ஒண்ணும் புரியல. அப்போ நீ காலி. மொத்தமா அழிச்சிடட்டுமா?"

பென்டிரைவ் கெஞ்சியது. "அண்ணே, உங்களுக்குப் படிக்கத் தெரியலன்னா நான் எப்படிண்ணே காலி ஆவேன்?"

"எனக்கே தெரியாததெல்லாம் ஒரு எழுத்தா?"

நல்லவேளை, கடைக்காரர் பென்டிரைவைப் பிடுங்கி, மூலையில் இருமிக்கொண்டிருந்த ஓட்டைக் கம்ப்யூட்டரில் செருகினார். அது தாலி கட்டு முதல் பந்தி வரை எல்லாவற்றையும் திறந்து காட்டியது. பிரிண்ட் வாங்கிய கல்யாண வீட்டார் வழக்கம்போலப் பென்டிரைவை மறந்துவிட்டுப் போனார்கள். கடைக்காரர் அதை ஆணியில் மாட்டினார்.

அடுத்த மாதம் புதுக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. அதன் நினைவெல்லாம் இருந்த டிஸ்க்கைக் கழற்றி, அதைவிடப் புதிய லேப்டாப் ஒன்றில் செருகினார்கள். ஆணியில் இருந்த பென்டிரைவ் காதைத் தீட்டிக்கொண்டது.

லேப்டாப் முதல் பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. "ஒண்ணும் புரியல. அழிச்சிடட்டுமா?"

டிஸ்க் அலறியது. "அடப்பாவி, உள்ள நான் இருக்கேன்டா!"