தோசைக்கல்லில் ஓர் எறும்பு

"உள்ள போனதும் நீ வாயே தொறக்கக் கூடாது. நான் பேசிக்கிறேன்," என்றான் ஜேடன்.

லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் அவனோடு ரயிலுக்குக் காத்திருந்த ரக்ஷனா கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை. தீபாவளி வாரம், பஃபலோ ரோட்டில் அம்மாவின் பூக்கடையில் மூன்று நாளாக மாலை கட்டிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வந்திருந்தாள்.

ஜேடன் அந்த மின்னஞ்சலை ஏழாவது முறையாகத் திறந்தான். பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குக் கணிதம் எடுக்கும் பாலகிருஷ்ணன் அனுப்பியது. 'ஜேடன், ரக்ஷனா: நான்காவது கேள்வி பற்றிப் பேச வேண்டும். மூன்று மணிக்கு இருவரும் வரவும்.' அவ்வளவுதான். ஒரு வணக்கம்கூட இல்லை.

அவர்கள் மென்பொருளில் செய்து அனுப்பியிருந்த வீட்டுப்பாடத்தின் நான்காவது கேள்வியில் ஓர் எறும்பு சூடான தோசைக்கல்லில் நிற்கிறது. கிழக்கே மூன்று சென்டிமீட்டர், வடக்கே நான்கு சென்டிமீட்டர் தள்ளிக் கிடக்கும் சர்க்கரைத் துணுக்கை நோக்கி நேராகக் கிளம்புகிறது. கிளம்பும் இடத்தில், அந்தத் திசையில், ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை டிகிரி சூடு ஏறும்?

திசை வகைக்கெழு என்று பாடத்தில் இதற்குப் பெயர். கல்லின் சூட்டுக்கான சூத்திரத்தையும் திசையையும் மென்பொருளில் தட்டினால் போதும், வகையிடுவது, பெருக்குவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஜேடன் மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தான். திசையைக் காட்டும் ஐந்து சென்டிமீட்டர் அம்பை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்கும் வரி. மென்பொருள் பதினொன்று என்றது. மாலை கட்டிக் களைத்துப்போயிருந்த ரக்ஷனாவுக்கும் அந்த ஃபைலை அனுப்பி வைத்தான். அவளோ பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

இன்று காலை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ரித்திக் கேட்டான்: 'நாலாவதுக்கு அம்பத்தஞ்சுதானே?' ஒரு நிமிடத்தில் முப்பது கட்டைவிரல்கள் உயர்ந்தன. பதினொன்று என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இருவருக்கும் ஒரே தப்பான விடை. இரண்டு ஃபைலிலும் அதே கூடுதல் வரி. காப்பியடித்தது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று ஜேடன் முடிவு கட்டினான்.

ரயிலில் இடம் இருந்தும் அவனால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக நின்றான்.

"காப்பியடிச்சது நான்தானே? நானே சொல்லிடுறேன்டா," என்றாள் ரக்ஷனா.

"சொல்லிட்டு? காப்பியடிச்சதா ரெக்கார்டுல வந்தா உன் உதவித்தொகை கட் லா. அதுக்கப்புறம் எங்க படிக்கிறது? ஃபுல் டைமா மாலைதான் கட்டணும்."

"அப்ப நீ? சாரோட ஆய்வுக்கூடத்துல சேரணும்னு ஒரு வருஷமா அவர் பின்னாடி அலையுறியே."

"அலைஞ்சது போதும். கால் வலிக்குது."

அவள் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவை அவன் எத்தனை முறை வேண்டுமென்றே சுற்றிக் கடந்து போயிருக்கிறான் என்பது அவளுக்குக்கூடத் தெரியாது.

பாலகிருஷ்ணனின் அறைக்கு வெளியே ஜேடன் மூன்று முறை தண்ணீர் குடித்தான். நான்கு முறை மணி பார்த்தான். மூன்றுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"நீ இங்கயே நில்லு," என்று ரக்ஷனாவிடம் சொல்லிவிட்டு, கதவைத் தட்டினானோ இல்லையோ, உள்ளே நுழைந்துவிட்டான்.

மேசைமேல் இரண்டு தாள்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆளுக்கொரு குற்றப் பத்திரிகை என்று நினைத்துக்கொண்டான்.

"வா ஜேடன். ரக்ஷனா எங்க?"

"வெளிய நிக்கிறா சார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் அவ லேப்டாப்லேர்ந்து அந்த ஃபைல எடுத்து, பேர மாத்திக் குடுத்துட்டேன். அவள ஒண்ணும் செஞ்சிடாதீங்க சார்." மூச்சு விடாமல் சொல்லி முடித்தான்.

நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்த பாலகிருஷ்ணன் மெல்ல மறுபடி உட்கார்ந்தார்.

"அம்பச் சுருக்குற அந்த வரி?"

"அதுவும் அவ எழுதினதுதான் சார்."

"அத எதுக்கு எழுதணும்னாவது தெரியுமா உனக்கு?"

விளக்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் தெரியும் என்று சொன்னால் பொய் அங்கேயே உடைந்துவிடும். ஜேடன் விளக்கத்தை விழுங்கிக்கொண்டான்.

"தெரியாது சார்."

பாலகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். இன்னொன்றைத் திருப்பி வைத்தார். அதன் தலைப்பில் ஆய்வுக்கூடத்தின் பெயரும், கீழே 'மாணவ உதவியாளர் நியமனம்: ரக்ஷனா' என்ற வரியும் இருந்தன.

"ஒரு சென்டிமீட்டருக்கு எவ்ளோன்னு கேட்டா, எல்லாரும் எறும்ப அஞ்சு சென்டிமீட்டர் ஓட விட்டுட்டாங்க," என்றவர், பேனாவைத் திறந்தபடி கதவைக் காட்டினார். "போய் ரக்ஷனாவ வரச் சொல்லு. நாப்பத்திரண்டு பேர்ல சரியா போட்டது அவ ஒருத்திதான்."