இடப்பக்கக் கோளாறு

“மாப்ளே, இடது பக்கம் மறுபடியும் படுத்துக்கிச்சுடா! செருப்பைக்கூடக் கழட்டாதே, நேரா உள்ள வா!”

பதற்றம் வந்தால் அத்தான் அப்படித்தான், ஆளை வாசலிலேயே பிடித்து இழுப்பார். மச்சினன் செருப்பைக் கழற்றிவிட்டே நுழைந்தான். அக்கா ஊரில் இல்லாவிட்டாலும் அவள் துடைத்த தரைக்கு ஒரு மரியாதை இருக்கிறதே.

மச்சினன் மேடைகளுக்கு மைக் செட் கட்டுகிறவன். அத்தான் வீட்டுப் பின்னறையிலேயே பாட்டுகளைப் பதிவு செய்து, மெருகேற்றிக் கொடுக்கிறவர். சுவரெல்லாம் பழைய மெத்தை, ஜன்னலுக்குக் கம்பளிப் போர்வை. வெளியாள் பார்த்தால் அறைக்குக் குளிர்ஜுரம் என்றுதான் நினைப்பான். தெருவில் அவருக்கு ‘ஸ்டீரியோ’ என்று பட்டப்பெயர். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், அவ்வளவு தலைக்கனம் என்று எதிர்வீட்டில் பேச்சு. எதிர்வீட்டுக்கு வேறு வேலை இல்லைதான். ஆனால் அவர் திரும்பாததும் நிஜம்.

“என்னாச்சு அத்தான்?”

“குழந்தைங்க பாட்டுடா. கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிட்டான். எல்லாச் சத்தமும் இடது பக்கம் சாஞ்சு கிடக்காம். எனக்கு என்னடான்னா, எவ்வளவு ஏத்தி வெச்சாலும் இடது பக்கம்தான் அமுங்கிக் கேக்குது! மத்தியானத்துக்குள்ள சரியாப் போகலன்னா வேற ஆளைப் பாத்துக்கறானாம். அவனையும் விட்டா நமக்கு வேலை குடுக்க யாருடா இருக்கா?”

கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது.

“அக்கா எதையாவது நகத்திட்டுப் போயிடுச்சா?”

“அதானேடா வேடிக்கை! அவதான் பொண்ணு பிரசவத்துக்குப் போயிட்டாளே. அவ இருந்தா, நான் எல்லாக் குமிழையும் திருகி வெச்சுட்டுக் குளிக்கப் போவேன். பட்டனை அமுக்கிக் கடைசிப் பதிவை எடுக்கறது மட்டும் அவ வேலை. அதுலயும் கை சும்மா இருக்காது. துணியை எடுத்துட்டு மேஜையைத் துடைக்க ஆரம்பிச்சுடுவா. வந்து பாத்தா ஒரு குமிழாவது இடம் மாறியிருக்கும். அதான் பதிவு முடிஞ்சிடுச்சேன்னு நானும் விட்டுடுவேன். இந்தத் தடவை எல்லாம் நான் வெச்சது வெச்சபடி. இப்பப் போய்க் கெடுது பாரு!”

“அக்கா பாட்டெல்லாம் கேக்குமா அத்தான்?”

“உங்க அக்காவா? மிக்சி ஓடறதுக்கும் பாட்டு ஓடறதுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாதுடா!”

மச்சினன் வேலையில் இறங்கினான். ஒயரை மாற்றினான். சொருகும் ஓட்டைகளில் இருந்த அழுக்கைச் சுரண்டினான். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டைப் போட்டான். இடது காதில் பொளேர் என்று அறைந்தது.

“அத்தான், இடதுதான் தூக்கலா இருக்கு.”

“காதைச் சுத்தம் பண்ணுடா முதல்ல!”

“சரி, இதை மாட்டுங்க.” அவர் தலையில் ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி மாட்டினான். கோளாறு ஒயரில் இருந்தால், அமுங்கிய சத்தம் இப்போது வலது பக்கம் போயிருக்க வேண்டும். “இப்ப எந்தப் பக்கம் அமுங்குது?”

“இடதுதான்! பாத்தியா, திருப்பிப் போட்டாலும் இடதேதான்! வீட்டுக் கரண்ட்லயே ஏதோ இருக்குடா.”

மச்சினன் கையிலிருந்த ஒயரை மேஜைமேல் வைத்தான். அத்தான் வீட்டுப் படியிறங்கிக் கடைத்தெருவுக்கு நடந்தால் எதிர்வீடு அவருக்கு எந்தப் பக்கம் வரும் என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தான். இடப்பக்கம்.

“தண்ணி குடிச்சிட்டு வரேன் அத்தான்.”

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவை போனில் பிடித்தான்.

“அக்கா, பதறாதே. அத்தானோட இடது காது...”

“தெரியும்டா.”

“தெரியுமா? எப்பலேர்ந்து?”

“ரொம்ப நாளா. அவர்கிட்ட உளறி வெச்சியா?”

“இல்ல.”

“சொல்லிடாதே. அந்தக் காதை வெச்சுத்தான்டா அவர் தலை நிமிந்து நடக்கறாரு. இது தெரிஞ்சா அந்த அறைக்குள்ளயே போகமாட்டாரு.”

“அது சரி. ஆனா ரொம்ப நாளான்னா, இத்தனை பாட்டு எப்படிக்கா சரியாப் போச்சு? இதுக்கு முன்ன ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லையே!”

அந்தப் பக்கம் பச்சைக்குழந்தை சிணுங்குவதும், அக்கா தட்டிக் கொடுப்பதும் கேட்டன.

“கதவுக்குப் பின்னால ஒரு மஞ்சத் துணி தொங்குது, இருக்கா?”

“இருக்கு.”

“எடுத்துக்கோ. ஹெட்போன் அந்த மேஜைலயே இருக்கும், மாட்டிக்கோ. ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கேக்கற வரைக்கும் இடது குமிழைப் பாத்துப் பதமாத் துடை. அப்புறம் பட்டனை அமுக்கு. நான் எப்பவும் அப்படித்தான்டா துடைப்பேன்.”

மச்சினன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி பின்னறைக்கு வந்தான். அத்தான் இன்னும் ஹெட்போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடா, உங்க அக்காவா? என்ன சொன்னா?”

“எல்லாம் தூசிதானாம் அத்தான்,” என்றான் மச்சினன், அவரது வலப்பக்கமாகச் சுற்றி வந்து நின்று. “நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க, நான் அதுக்குள்ள மேஜையைத் துடைச்சு வைக்கறேன்.”