சேணத்துக்குக் கீழே

செவலைக் குதிரையின் முதுகு புண்ணாகிவிட்டது.

பிடரி முடிகிற மேட்டில், உள்ளங்கை அகலத்துக்கு முடி உதிர்ந்து தோல் சிவந்து கிடந்தது. சேணத்தைக் கண்டாலே காதை மடக்கிக்கொண்டு கடிக்க வந்தது.

குதிரையேற்றப் பள்ளி மாஸ்டர் எல்லாரையும் லாயத்து வாசலில் நிறுத்திவிட்டார்.

“யார் பண்ண வேலை இது? எவரா இருந்தாலும் சரி, இனிமே செவலை பக்கம் வரக்கூடாது. என் வீட்டு ஆளா இருந்தாலும் இதான்!”

வீட்டு ஆள் என்றால் மருமகள். தினமும் செவலைக்குச் சேணம் கட்டுகிறவள். கல்யாணமான கையோடு புருஷன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். மாமனார் பேசினால் அதட்டல், பேசாவிட்டால் உறுமல். அவள் மனசு விட்டுப் பேசுகிற ஒரே ஜீவன் செவலைதான்.

“மாமா…” என்று அவள் ஆரம்பிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“என் எடைதான் மாஸ்டர்.”

பேக்கரிக்காரர். ஆள் கொஞ்சம் தாராளம். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னதால் சவாரி பழக வந்தவர். உடம்பு குறையவில்லை. செவலை மேல் பாசம்தான் ஏறியது.

“நினைச்சேன்! பீப்பாயைத் தூக்கி முதுகுல வெச்சா அது என்ன செய்யும், பாவம்? வாயைக் கட்டத் தெரியாத மனுஷனுக்குக் குதிரை எதுக்கு?”

நாலு பேர் சிரித்தார்கள். பேக்கரிக்காரரும் சிரித்தார். செவலையின் மூக்கைத் தடவிவிட்டு வெளியே போனார்.

புதிதாக யார் சேர்ந்தாலும் மாஸ்டர் முதல் நாளே கத்துவார். “சேணத்தைத் தூக்கிக் கீழே பாரு! அடியில போட்ட மெத்தைப் பேட்ல வேர்வை எப்படிப் படிஞ்சிருக்குன்னு பாரு. நடுவுல திட்டாக் காஞ்சு கிடந்தா அங்கே அழுத்துதுன்னு அர்த்தம். மேலே இருந்து பார்த்தா ஒரு மண்ணும் தெரியாது!”

அன்றைக்கு அவர் தூக்கிப் பார்க்கவில்லை. பீப்பாய்தான் ஒத்துக்கொண்டதே.

செவலைக்கு ஓய்வு கொடுத்தார்கள். புண் ஆறி, முடி முளைத்து, மறுபடி சேணம் ஏறியது. புண் திரும்பவில்லை.

பேக்கரிக்காரர்தான் விடவில்லை. காலையில் கேட்டுக்கு வெளியே துணி மூட்டையோடு வந்து நிற்பார். மருமகள் போய் வாங்கிக்கொள்வாள்.

“என்னம்மா அது, ரொட்டியா?”

“ம்… ஆமாம் மாமா.”

“ரோஷமே இல்லாத மனுஷன். ரொட்டியைக் கொடுத்து உள்ளே நுழையப் பார்க்கிறான். விட்டுடாதே.”

ஒரு நாள் புதிய மாணவர்கள் வந்தார்கள். செவலையைச் சுற்றி நின்றார்கள்.

“புண்ணுன்னு சொன்னாங்களே, எப்படி மாஸ்டர் ஆறிச்சு?”

“எப்படியா? பீப்பாயை இறக்கினேன், ஆறிடுச்சு. காரணம் தெரியணும்ப்பா, அவ்வளவுதான். இப்ப எல்லாரும் இங்கே பாருங்க.”

வாரைத் தளர்த்தி, சேணத்தை இறக்கினார். ஒரே ஒரு பேட். வேர்வை இரண்டு பக்கமும் சீராகப் படிந்திருந்தது. எடுத்து மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

“என்னது இது? அடுப்புல வெந்த ரொட்டி மாதிரி வாசம் அடிக்குது!”

எல்லாரும் சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை.

“மாமா, அந்தப் புண்ணு அவரால வரல. என்னாலதான்.”

“என்ன உளர்றே?”

“அதுக்கு வலிக்கக் கூடாதேன்னு பேடுக்கு அடியில இன்னொரு பேடு வெச்சேன். லேசாச் சிவந்ததும், இன்னும் மெத்துனு இருக்கட்டும்னு கம்பளியை மடிச்சு அதுக்கும் அடியில வெச்சேன். வெளியே ஒண்ணுதான் தெரியும்.”

“அடிப்பாவி! ஒரு பேடுக்கு அளவெடுத்துச் செஞ்ச சேணம் அது! இறுகி நெரிச்சிருக்குமே!”

“இப்பத் தெரியுது மாமா. அன்னிக்கு நீங்க எல்லாரையும் நிறுத்துறதுக்கு முந்தியே சேணத்தைத் தூக்கிப் பார்த்தது அவர் ஒருத்தர்தான். ‘ஷூ கடிக்குதுன்னு உள்ளே மூணு சாக்ஸ் போட்டா இன்னும் கடிக்காதா?’ன்னு கேட்டாரு. எல்லாத்தையும் உருவச் சொன்னாரு. பேடை முதுகு மேட்டுல இறுக்காம, சேணத்தோட குழிவுக்குள்ள தூக்கிவிடச் சொன்னாரு. நான் சோப்பு போக அலசலைன்னு, பேடைத் தானே கொண்டுபோய் அலசி, ஒட்டின முடியெல்லாம் எடுத்து, பேக்கரி அடுப்பறை மாடியில காயவெச்சுக் கொண்டுவர்றாரு.”

“இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டான்?”

“உங்ககிட்டதான். முதல் நாள் கத்துனீங்களே.”

மாஸ்டரின் குரல் இறங்கியது. “அப்புறம் ஏன் தன் எடைன்னு சொன்னார்?”

“‘எனக்கு இது போனா நடந்து உடம்பைக் குறைச்சுக்குவேன். உனக்கு இது போனா நீ யார்கிட்டம்மா பேசுவே?’ன்னாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் இனிமே செவலை பக்கம் வரல மாமா.”

மாஸ்டர் கேட்டுப் பக்கம் திரும்பினார். விறுவிறுவென்று நடந்தார். கேட்டுக்கு வெளியே மூட்டையோடு நின்றவர் பயந்து இரண்டடி பின்வாங்கினார். மாஸ்டர் தன் கையாலேயே கேட்டைத் திறந்தார்.

மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. மூட்டையைப் பிடுங்கி மருமகள் கையில் திணித்தார். “நிக்கிறியே, போய்ச் செவலைக்குக் கட்டு. ஒண்ணே ஒண்ணு!”

பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி அதட்டினார்.

“புண்ணு எப்படி ஆறிச்சுன்னு கேட்டீங்கல்ல? என்னைக் கேக்காதீங்க, இவரைக் கேளுங்க. பேக்கரிக்காரர்!”